பதினொரு பங்குக் கப்பல்

கொத்தமங்கலத்தில் எங்கள் பூர்வீக வீட்டில், பட்டாலை என்கிற பெரிய கூடத்துச் சுவரில், லட்சுமிக்கும் முருகனுக்கும் நடுவே ஒரு கப்பல் மூழ்கிக்கொண்டிருக்கிறது. பழைய வண்ண அச்சுப் படம். கூரை உயர அலைகளுக்கு அடியில் தொப்பிக்காரர்கள் இரண்டே இரண்டு படகுகளில் முண்டியடித்து ஏறுகிறார்கள். சிவப்பு மை சற்று விலகி விழுந்திருப்பதால் எல்லோருக்கும் இரண்டிரண்டு வாய், அலறலும் இரட்டிப்பு. கப்பலின் பெயரைக் கரையான் தின்றுவிட்டது.

அந்தக் காலத்தில் தீ, வெள்ளம், பூகம்பம் எல்லாமே இப்படி அச்சாகி, சட்டம் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடும். கப்பலேறிப் பிழைக்கப் போன என் கொள்ளுத்தாத்தா எதற்காக மூழ்குகிற கப்பலை விலை கொடுத்து வாங்கிச் சாமி படங்களோடு மாட்டினார் என்று நான் நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறேன். அதைப் படித்தவர்கள் இரண்டு பேர். என்னைத் தவிர மற்றவர், பிழை திருத்தியவர்.

போன ஆவணியில் நெற்குப்பையிலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் என்ஜினியர். இருவரும் ஏற்கெனவே பேசிப் பழகி, மனதுக்குள் முடித்துக்கொண்டவர்கள். மிச்சம் அவருடைய தாயார்தான். பூனை குறுக்கே போனதற்காக ஒரு சம்பந்தத்தையே விட்டவர் என்று கேள்வி.

"மொதல்ல அந்தக் கப்பலை இறக்குங்க" என்றாள் மனைவி.

இறக்கலாம். ஆனால் வீடு பதினொரு பங்காளிகளுக்குப் பொது. பட்டாலையில் ஓர் ஆணி அசையவும் பதினொரு பேர் சம்மதம் வேண்டும். பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் பணிவாகக் கேட்டேன்: ஒரே ஒரு நாளைக்கு.

"காரைக்குடிப் பழைய சாமான் கடையில வெலை பேசிட்டீகளாண்ணே?" என்றது சிங்கப்பூர்.

"ஒரு நாளைக்குன்னு எடுத்த அண்டா எங்குட்டுப் போச்சு?" என்றது சென்னை.

கோயம்புத்தூர்க்காரர் கும்பிடும் கைகளை மட்டும் அனுப்பினார். அது சம்மதமா, அனுதாபமா என்று இன்றுவரை தெரியாது.

பூமாலை போட்டு மறைக்கலாமே என்றேன் மனைவியிடம்.

"மாலை போட்டா செத்தவுக படம்னுல்ல நெனைப்பாக! கட்டுரை எழுதுற மூளை" என்றாள்.

கடைசியில் வந்தவர்களைப் படத்துக்கு முதுகு காட்டி உட்கார வைத்தேன். ஆகவே நான் படத்துக்கு நேர் எதிரே. அவர்கள் மழையைப் பற்றிப் பேசினார்கள். நான் அலையைப் பார்த்துத் தலையாட்டினேன்.

"என்னண்ணே, எங்க தலைக்கு மேலயே பாக்குறீக?" என்று தாயார் திரும்பினார்.

எழுந்து படத்தருகே போய் நின்றார். தூணோரம் நின்ற என் மகள் என்னைப் பார்த்த பார்வையில், இதுவரை நான் எழுதிய எல்லாவற்றுக்கும் விமர்சனம் இருந்தது.

"இதுல எத்தனை பேரு பொழைச்சாக?"

"எல்லாரும், ஆச்சி. ஒருத்தர் விடாம" என்றேன்.

"இருக்குறதே ரெண்டு படகு. இம்புட்டுப் பேரும் எப்படி?"

என் மகள் மாப்பிள்ளையிடம் கேட்டாள்: "ஒங்க கப்பல்ல எத்தனை படகு?"

"பக்கத்துக்கு ஒண்ணு. ஒண்ணு போனாலும், மத்ததுல எல்லாருக்கும் எடம் இருக்கும்" என்றார் அவர்.

தாயார் மகன் பக்கம் திரும்பினார். "இத்தனை வருஷத்துல எங்கிட்ட இதைச் சொல்லலையே?"

"நீங்க கேக்கலையே, ஆத்தா."

"கேக்கப் பயமா இருந்துச்சுப்பா." வந்து உட்கார்ந்து, என் மகளைக் கைகாட்டி அழைத்தார். "இங்குட்டு வந்து உக்காரும்மா. இனிமே நீ கேளு."

சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் மாப்பிள்ளை தாழ்ந்த குரலில் கேட்டார்: "மாமா, எல்லாரும் பொழைச்சாகன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

அவர் சிரித்தார். "நானும் ஆத்தாகிட்ட அப்படித்தான். அலை தூக்கிப் போடுற அன்னைக்குத்தான் போன் பண்ணி, கடல் குளம் மாதிரி கெடக்குன்னு சொல்றது."

நானும் சிரித்துவைத்தேன்.

கல்யாணமாகி ஆறு மாதம் ஆகிறது. போன வாரம் அவர் கப்பலிலிருந்து என் மகளோடு பேசினார். "கடல் குளம் மாதிரி இருக்காம்ப்பா" என்று அவள் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த இட்லியை அப்படியே வைத்துவிட்டு, எந்தக் கடல் என்று மட்டும் உள்ளே குரல் கொடுத்துக் கேட்டேன்.