அப்பா நீச்சல்காரர்

எங்கள் அப்பா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டியன்று உங்கள் கைகளில் தந்த கல்வெட்டு என்னும் நினைவு நூலில், பக்கத்துக்குப் பக்கம் அவரை "ஓய்வுபெற்ற தபாலதிபர்" என்று போட்டிருந்தார்கள். நீச்சலைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதைத் தொகுத்தவர் அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா. அதனால் இந்த ஓராண்டு நினைவு மலரை மகளாகிய நானே எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

அப்பா பருத்தித்துறைக்கு அருகே, கடல் இரைச்சல் வீட்டுக்குள் கேட்கும் ஊரில், முதலாம் உலகப் போர்க் காலத்தில் பிறந்தவர். கடலில் இறங்கினால் அப்பப்பாவிடம் அடி விழும். "எங்கட ஆக்கள் செய்யிற வேலையோ இது?" என்பாராம். கடலுக்கும் சாதி வைத்த மனிதர்கள்! அடி வாங்கியும் அப்பா நீந்தினார். படிக்கக் கொழும்புக்குப் போனவர், துறைமுகத்தில் நடந்த நீச்சற் போட்டியில் முதலாவதாக வந்தார். வெள்ளைக்காரரின் நீச்சல் குளத்தில் எங்கள் நிறத்தவருக்கு இடமில்லை. எண்ணெய் மிதக்கும் துறைமுகத் தண்ணீரில் பழகித்தான் அடுத்தடுத்த வருடங்களிலும் வென்றார். கடைசியில் கல்கத்தாப் போட்டிக்கு அவரைத் தெரிவு செய்தார்கள்.

கப்பலேறுவதற்கு முன் வீட்டிலிருந்து தந்தி வந்தது: "அம்மாவுக்கு நோய் கடுமை. உடனே வா." பதறியடித்துக்கொண்டு ஓடி வந்தார். அப்பம்மா அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாராம். தபால் கந்தோரில் வேலை பேசியாயிற்று. கப்பல் போய்விட்டது. "உத்தியோகம் பாத்தாத்தான் மனுசன்" என்று பெரியவர்கள் கூடி, ஒரு நீச்சல்காரரைக் கரையில் கட்டிப்போட்டார்கள். பொய்த் தந்தியால் பந்தயத்தை இழந்த மனிதர், ஓய்வு பெறும்வரை ஊராரின் தந்திகளை ஒருநாளும் பிந்தாமல் அனுப்பினார். அம்மாவையும் எங்களையும் ஒரு குறையுமில்லாமல் பார்த்தார்.

பின்னாளில் போர் அவரை ஜேர்மனிக்கு விரட்டியது. எண்பது வயதிலும் நகரசபை நீச்சல் குளத்துக்குப் போவார். ஜேர்மன்காரர் ஒதுங்கி நின்று பார்ப்பார்கள். எங்கள் ஆட்களோ, "கிழவன் உடுப்பை உரிஞ்சுபோட்டு நிக்குது" என்று சிரித்தார்கள். அப்படிச் சிரித்தவர்களில் சிலர் இதை இப்போது வாசிக்கிறீர்கள். நன்றாக வாசியுங்கள்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் ஒரு தாதி, அப்பாவின் தொழில் என்ன என்று கேட்டார். சித்தப்பா முந்திக்கொண்டு "போஸ்ட்மாஸ்டர்" என்றார். அப்பா கண்ணைத் திறந்தார்.

"இல்லை. நான் நீச்சல்காரன்."

நான் அதை ஜேர்மன் மொழியில் சொல்லப் போக, சித்தப்பா என் கையைப் பிடித்தார். "விடு பிள்ளை, அண்ணைக்கு அறளை பேந்திட்டுது."

அப்பா தன்னைப் பற்றித் தன் வாயால் சொன்ன உண்மைக்கு அறளை, கிழட்டுப் புத்தித் தடுமாற்றம் என்று பெயர்! நான் கையை உதறிவிட்டுச் சொன்னேன்.

இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்தோருக்கும், சமைத்துக் கொண்டுவந்தோருக்கும், தூர இடங்களிலிருந்து ரயிலேறி வந்தோருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. அந்தத் தாதிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆனாலும் எழுதுகிறேன். நான் சொன்னதைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. "எந்த வகை நீச்சல்?" என்று அப்பாவிடமே கேட்டார். அப்பா ஊசி ஏற்றியிருந்த கையை மெல்ல உயர்த்தி, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, மூச்சை இழுத்துக் காட்டினார். அந்தப் பெண்ணுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. சித்தப்பாவுக்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

— மகள்