வெறும் காரவனின் நிறை

நான், மனுசி, இரண்டு பிள்ளைகள், மனுசியின் தம்பி. படுக்கையும் அடுப்பும் உள்ள வாடகைக் காரவனைக் காருக்குப் பின்னால் கொழுவி, நாங்கள் இருக்கும் நோர்பரியிலிருந்து கடற்கரைக்கு வெளிக்கிட்டோம். கார் ஆயிரம் கிலோ வரை இழுக்கும். காரவன் எண்ணூறு என்றார்கள் வாடகைக்குத் தந்தவர்கள். பயமில்லை என்றிருந்தேன்.

மோட்டர்வேயில் காரவன் பாம்பு மாதிரி நெளிந்து காரையும் ஆட்டியது. பிள்ளைகள் அழுதார்கள். வேகத்தை மெல்லக் குறைத்து ஓரங்கட்டினேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஒரு வெள்ளைக்கார லொறி டிரைவர் நிறுத்திக் காரவனுக்குள் எட்டிப் பார்த்தார். பின்பக்கம் முழுக்க அரிசி மூட்டை, தேங்காய்ச் சாக்கு, கிரைண்டர், பெரிய பானைகள்.

"வீடு மாறுறீங்களா?" என்று இங்கிலீசில் கேட்டார். காரவன் எண்ணூறு கிலோதானே என்றேன். "எண்ணூறு வெறும் காரவன்தான். சாமானும் சேரும். அதைப் பின்னுக்கு ஏற்றினால் ஆட்டும்."

"ஏனக்கா இவ்வளவு?" என்றான் மச்சான்.

"ஆரும் வந்தால் சோறு குடுக்க வேண்டாமே?" என்றாள் மனுசி.

சாமானை நடுவுக்கு மாற்றி, டிரைவரின் லொறிக்குப் பின்னால் ஊர்ந்து லொறி நிறுக்கிற இடத்துக்குப் போனோம். சோற்றுச் சாமானைப் பாரமென்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. காரவனை மட்டும் நிறுத்தார்கள்.

ஆயிரத்து எழுபது கிலோ.