மிளகாய்க்குப் பின் பச்சரிசி

மூன்று வருடம் வடக்கே அலைந்துவிட்டு நான் கோவில்பட்டிக்குத் திரும்பியது 1982 பங்குனியில். அடுத்த வீட்டு வெயிலம்மாள் அப்போது மாவு மில் ஒன்றை விலை பேசிக்கொண்டிருந்தாள். பதினைந்து வருடம் தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சிகளைச் சட்டத்தில் செருகிக் கட்டை அடுக்கியவள். கழுகுமலைப் பக்கம் தன் பங்குக்கு வந்த இரண்டு ஏக்கர் கரிசலை விற்று வைத்திருந்தாள். மில் ஏமாற்றிவிட்டால் மறுபடியும் கட்டை அடுக்கத்தான் போக வேண்டும்.

"ஒருநாள் வந்து உக்காந்து யாவாரத்தப் பாருங்க, பெறகு பேசுவோம்" என்று மில்காரர் சோலைராஜ் சொல்லியிருந்தார். என்னையும் கூட்டிப் போனாள்.

வாசலில் பன்னிரண்டு பெண்கள் தூக்குவாளிகளோடு வரிசையில் நின்றார்கள். எங்கள் புருவம்வரை மாவு படிந்தது.

"மூச்சுவிட நேரமில்ல போல அக்கா! முடிச்சிரு" என்றேன்.

அவள் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி மிளகாய் வற்றலை அரைத்து வாங்கித் தும்மிக்கொண்டே போனாள். அடுத்தவள் பச்சரிசியைக் கொட்டினாள். அதற்கடுத்தவள் கேப்பை. எல்லாரும் அமைதியாக வாங்கிப் போனார்கள்.

வெயிலம்மாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அண்ணாச்சி, இவிய எல்லாம் உங்க சொந்தமா?"

"ஏன் கேக்குதீய?"

"வத்தல் அரைச்ச சூட்டோட பச்சரிசியப் போடுதீய, ஒருத்தியும் வாயத் தொறக்கல. நெசமா அரைக்க வந்தவளா இருந்தா இந்நேரம் உங்க சட்டையப் புடிச்சிருப்பா!"

வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். "அத்தான்தான் கயத்தாத்துல இருந்து பஸ் ஏத்திக் கூட்டியாந்தாவ. மத்தியானம் புரோட்டா உண்டுன்னாவ."

"ஏட்டி, சும்மா கெட!" என்றார் சோலைராஜ்.

இத்தோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ மறுநாள் முதல் சுற்றுவட்டாரத் தெருக்களில் வீடு வீடாக ஏறி விசாரித்தாள். எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: மாவில் மிளகாய் நெடி, அதனால்தான் ரயிலடி மில்வரை நடக்கிறோம். மெக்கானிக்கைக் கூட்டிப் போய் மிஷினைப் பிரித்துப் பார்த்தாள்; பழுதில்லை. கரண்ட் ஆபீசில் பாக்கி உண்டா என்று கேட்டாள். கட்டிடக்காரரிடம் வாடகைச் சீட்டு தன் பெயருக்கு மாறும் என்று எழுதி வாங்கினாள்.

பத்திரம் எழுதும்போது இரண்டு நிபந்தனை. லைசென்சும் கரண்டும் அவள் பெயருக்கு மாறிய பிறகே மீதிப் பணம். ஐந்து வருடத்துக்கு சோலைராஜ் ஊருக்குள் வேறு மில் போடக் கூடாது.

"எம்மேல நம்பிக்கை இல்லியா தாயி?"

"நெறைய இருக்கு அண்ணாச்சி. அதையும் சேத்து எழுதிக்கிடுவோம்."

பத்திரம் எழுதியவரே பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். புரோட்டாவை நினைத்தோ என்னவோ, சோலைராஜும் சிரித்துக் கையெழுத்துப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை மட்டும் வற்றல் என்று போர்டு எழுதி, ஒரு புதன்கிழமை மில்லைத் திறந்தாள். மூன்றே பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி, வழிவிட்டு ஒதுங்கிய முன்னவளின் தோளைப் பிடித்து மிஷின் பக்கம் தள்ளினாள்.

"நேத்து வத்தல் ஓடியிருக்கும். மொதல்ல ஒன் அரிசியப் போடு, பெறகு என்னுது!"

"ஆமா, ஒன் மாவு மணக்கணும்னு நான் காரம் திங்கணுமாக்கும்!"

வற்றல் இன்னும் அரைக்கவே இல்லை என்று வெயிலம்மாள் சொல்லியிருக்கலாம். அவளோ சுவிட்சில் கை வைத்தபடி, முகமெல்லாம் பல்லாக நின்றாள்.

"நல்லா ஏசுங்க மதினி" என்றாள்.