வாங்கோ என்று கூப்பிட்ட கரடி

அந்துருண்டையின் வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் உள்ளங்கை வியர்க்கும். சேலைகளுக்கு நடுவே ஒன்றிரண்டு போட்டு வைக்கச் சொல்லி மருமகள் ஓயாமல் சொல்கிறாள். நான் கேட்பதில்லை. அந்த வாசனையோடு சாம்பல் நிற ரோமக் கோட்டு ஒன்றும், என் அம்மாவின் கையிலிருந்த கத்தரிக்கோலும் கூடவே வந்து நிற்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில், மலாயாவில், கோப்பெங்கிற்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. அப்பா பால்வெட்டுக்குப் போவார்; அம்மா துரையின் பங்களாவில் துணி துவைத்து மடித்து வைக்கும் வேலை பார்த்தாள். துரையும் துரைசாணியும் விடுமுறைக்கு ஆஸ்திரேலியா போய்த் திரும்பியபோது, கப்பல் கம்பெனிக்காரர்கள் கொடுத்த பெரிய விளம்பரப் படம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எங்கள் ஊர் ஈரத்தில் அதன் ஓரத்தில் பூசணம் பூக்கவே, துரைசாணி அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

கஞ்சிப் பசை தடவி அதைச் சுவரில் ஒட்டிய அன்று, காலையில் ஆளெண்ணும் "பெரட்டு"க்குக் கூடுகிற கூட்டம்போல, கூலிக்காரர் வரிசை வீடுகளான லயமே எங்கள் வாசலில் கூடிவிட்டது. மரக்கிளையைக் கட்டிக்கொண்டு ஒரு மிருகம். விரிந்த காது, கொட்டைப்பாக்குப் போல மூக்கு, அழுது முடித்தவளின் கண்கள். அதன் முதுகில் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. "கரடி புள்ளைய உப்புமூட்டை தூக்கிக்கிட்டுப் போவுது பாருங்கடி!" என்று பெண்கள் கன்னத்தில் கை வைத்தார்கள். கரடி என்று நாங்களாகப் பெயர் வைக்கவில்லை. துரைசாணியே அந்தப் படத்தைக் காட்டி, அம்மாவிடம் பேசுகிற அரைகுறை மலாயில் "பெருவாங்" என்றாளாம். மலாயில் அது கரடிதான்.

படத்தின் கீழே இருந்த ஆங்கிலத்தை தோட்டத்துக் கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி ஐயா படித்துச் சொன்னார்: "எங்கட நாட்டைப் பாக்க வாங்கோ எண்டு எழுதியிருக்கு."

அப்பா சிரித்தார். "வாங்க வாங்கன்னு கூப்புட்டாங்கன்னுதான் நாமளும் கப்பலேறினோம். அங்க கூப்புட கரடி, நமக்கு ஊருக்கு ஆள் புடிக்க வந்த கங்காணி." எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்தவர்கள் யாருக்கும் போகமாட்டேன் என்று சொல்ல மனம் வராது, எனக்கும் வரவில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் என் தம்பி சின்னராசு பயந்துபோனான். இரண்டரை வயது அவனுக்கு. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகைக்குள் பெரிய குரங்கு ஒன்று புகுந்து, அவன் கையிலிருந்த சோற்றைப் பிடுங்கிக்கொண்டு முகத்துக்கு நேரே பல்லைக் காட்டியிருக்கிறது. அன்றோடு பேச்சு நின்றது. தட்டு விழுந்தால் துடித்து எழுந்தான். வாயில் வைத்த கஞ்சியைத் துப்பினான். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசரின் மருந்தும் கேட்கவில்லை, வேப்பிலை மந்திரிப்பும் கேட்கவில்லை. அந்த மாதத்தில் மட்டும் எங்கள் லயத்திலேயே இரண்டு குழந்தைகளைப் புதைத்திருந்தோம். அம்மா தம்பியின் விலா எலும்பை விரலால் எண்ணுவாள்.

பக்கத்து வீட்டுக் கருப்பாயி அக்கா சேலத்துப் பக்கம். "ஊர்லன்னா கரடிக்காரன் வருவான். கரடி முதுவுல ஒரு தரம் ஏத்தி எறக்கி, அதோட முடியில நாலு புடுங்கித் தாயத்துல அடைச்சுக் கட்டினா எந்தப் பயமும் தெளிஞ்சிரும். இந்தக் காட்டுல எங்கலா போறது?" என்றாள்.

சொல்லி முடித்ததும் அவளும் அம்மாவும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தார்கள். தம்பியைத் தூக்கிப் படத்துக் கரடியின் முதுகில், அந்தக் குட்டிக்குப் பக்கத்தில், மூன்று தரம் ஏற்றி இறக்கினார்கள். ஏற்றம் ஆயிற்று, முடிக்கு எங்கே போவது? அப்போதுதான் அம்மாவுக்குத் துரைசாணியின் ரோமக் கோட்டு நினைவு வந்தது. அந்த ஆஸ்திரேலியப் பயணத்தில் வாங்கிய கோட்டு அது. கோட்டையும் படத்தையும் மாறி மாறித் தொட்டுக் காட்டி, இரண்டும் ஒன்றுதான் என்று துரைசாணி பெருமையாகச் சொல்லியிருந்தாள். எங்கள் வெக்கையில் அதை யார் போடுவார்கள்? அந்துருண்டை போட்டுப் பெட்டியில் கிடந்தது. பூசணம் பிடிக்காமல் வாரம் ஒருமுறை வெயில் காட்டுவது அம்மாவின் வேலை.

அந்தச் சனிக்கிழமை என்னையும் கூட்டிப்போனாள். பங்களாவின் பின்கட்டில், கொடியில் கோட்டு தொங்கியது. நான் படிக்கட்டில் காவல். பிடிபட்டால் அம்மாவின் வேலை மட்டுமல்ல, அப்பாவுக்கும் சீட்டுக் கிழியும். லயத்து வீடும் போகும். அது எனக்கே தெரியும். இருந்தாலும் காவலை விட்டுவிட்டு ஓடிவந்து கோட்டைத் தொட்டேன். அவ்வளவு மெத்தென்று அதுவரை நான் எதையும் தொட்டதில்லை.

"அம்மா, இது படத்துல இருக்கிற அம்மாவா, குட்டியா?"

கத்தரிக்கோல் நின்றுவிட்டது. அம்மா அந்தக் கோட்டை நீளவாக்கில் பார்த்தாள். ஒரு கோட்டுக்கு எத்தனை உயிர் வேண்டும் என்று கணக்குப் போட்டாளோ என்னவோ. "சும்மா இரு புள்ள," என்றாள். பிறகு உள்மடிப்பை ஒட்டி ஒரு சிட்டிகை வெட்டி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் படத்தின் முன்னால் நின்று, அந்த மிருகத்தின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். "நீயும் புள்ளக்காரி, நானும் புள்ளக்காரி. மன்னிச்சுக்க தாயி."

தாயத்துக் கட்டிய பத்தாம் நாள் தம்பி கஞ்சி கேட்டான். தாயத்தால்தானா என்று இப்போது என்னைக் கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். அன்றைக்குக் கேட்டிருந்தால் அடிக்க வந்திருப்பேன்.

ஆனால் அடுத்த மாதமே துரைசாணி கோட்டில் அந்த வழுக்கையைக் கண்டுவிட்டாள். விரலால் தடவிப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "பூச்சி அரித்திருக்கிறது, இன்னும் நாலு உருண்டை போடு," என்று மலாயில் சொல்லிவிட்டு உள்ளே போனாள். எந்தப் பூச்சியும் அப்படி நேராக நறுக்காது. அது அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இப்போது அந்தத் தோட்டத்தில் ரப்பரும் இல்லை, லயமும் இல்லை. வரிசை வீடுகள் வந்துவிட்டன. படம் கறையானுக்குப் போயிற்று. தாயத்தைத் தம்பி பத்து வயதில் ஆற்றில் தொலைத்தான். ஈப்போ கடைத்தெருவில் பயணச்சீட்டு விற்கும் கடையின் கண்ணாடியில் மட்டும் அதே முகம் இன்னமும் எல்லாரையும் வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

போன மாதம் தம்பி தன் மகளோடு ஆஸ்திரேலியா போய்வந்தான். லாரி ஓட்டி ஓய்வுபெற்ற, அறுபதை நெருங்கும் மனிதன். எடுத்த படத்தைக் கொண்டுவந்து காட்டினான். அதே மிருகம் அவன் நெஞ்சில் சாய்ந்திருந்தது.

"இது கரடி இனமே இல்லையாம் அக்கா. பயந்துகிட்டேதான் கையில வாங்கினேன். அது பாட்டுக்கு என் கழுத்தக் கட்டிக்கிச்சுலா."

அப்போதுதான் அவனிடம் முதல்முறையாகச் சொன்னேன்: கோட்டு, கத்தரிக்கோல், தாயத்தில் இருந்தது எதன் முடி என்று. அவன் எழுந்து என் சாமி அலமாரிக்குப் போனான். குங்குமச் சிமிழைத் திறந்து, புகைப்படத்தில் தன்னைக் கட்டிக்கொண்டிருந்த அதன் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தான்.

அம்மா பொட்டு வைத்ததை நான் அவனிடம் சொல்லவே இல்லை.