இலையோடு வந்த ரூபார்ப்

பிரெஞ்சு பேசும் வில்லரேயில் அது எங்கள் முதல் கோடை. பக்கத்து வீட்டு மதாம் வேலிக்கு மேலால் ரூபார்ப் என்ற புளிப்புத் தண்டில், இலையோடு ஒரு கட்டுத் தந்தார். நன்றிக்கு "மெர்சி" என்றதோடு வெட்கப்பட்டு உள்ளே வந்துவிட்டேன்.

சிவப்புத் தண்டுகளைச் சீனியும் ஏலக்காயும் போட்டுக் கிளறி, மாவுக்குள் வைத்து, பற்றிஸ் பலகாரம் போல மடித்து ஓவனில் சுட்டேன். அகன்ற இலைகளை எறிய மனம் வரவில்லை. கீரை போல வறை செய்யலாம் என்று அரிந்து வைத்தேன்.

"அந்த மனுசிக்கும் ரெண்டு குடுமன். கடிச்சே போடப்போறா?" என்றார் கணவர்.

தயங்கித் தயங்கி மதாமைக் கூப்பிட்டேன். சமையலறைக்குள் வந்தவர் அரிந்த இலையைக் கண்டதும் "நோ! நோ!" என்று கத்தி, அத்தனையையும் குப்பையில் கொட்டினார்.

"அம்மா, இலை நஞ்சாம்," என்றாள் மதாமின் பிரெஞ்சைப் புரிந்துகொண்ட மகள்.

மதாம் என்னைக் கதிரையில் இருத்தி, நான் சுட்டதில் ஒன்றைப் பாதியாகப் பிய்த்து என்னிடமே நீட்டினார்.

அதன்பிறகு ஒவ்வொரு கோடையும் இலை வெட்டிய தண்டுகளே வேலிக்கு மேலால் வந்தன.

இப்போது மதாம் அங்கே இல்லை. ஜான்-டலோன் சந்தையில் வாங்கித்தான் சுடுகிறேன். அன்று கூச்சப்பட்டுக் கூப்பிடாமல் இருந்திருந்தால், மகளின் சோற்றுக் கோப்பையில் அந்த வறையைத்தான் போட்டிருப்பேன்.

அந்த வீட்டுக்குப் புதிதாக யாரோ வந்திருக்கிறார்கள். இன்று இரண்டு கூடுதலாகச் சுட்டிருக்கிறேன்.