ஒட்டுத்தாள் அக்காவின் இரண்டு கோடுகள்

“படத்துல தன் கோட்டைக் கையாலேயே கீழே இழுத்துட்டாங்களாம்” என்ற பேச்சு, ஆய்வகத்தின் காபி இயந்திரத்தடியில் கிளம்பி, வரவேற்பறைப் பெண்ணின் வாய்வழியாக ஒட்டுத்தாள் அக்காவின் காதுக்கே வந்து சேர்ந்தது. அவர் சிரித்தார். ஆனால் காபி இறங்கவில்லை.

அக்காவுக்குப் பிழைப்பே கோடுதான். ஏகப்பட்ட கைபேசிகள் ஒரே கோபுரத்தோடு பேசினால் எவ்வளவு பிழையாகப் போய்ச் சேரும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்து, கோடாக வரைவார். பிழை குறையக் குறையக் கோடு கீழே இறங்கும். இம்முறை இரண்டு திட்டங்கள். எல்லாரையும் ஒன்றாகப் பேசவிட்டுப் பிறகு பிரித்தெடுப்பது அவருடையது. வரிசையாகப் பேசவிடுவது பக்கத்து மேஜைக்காரருடையது. இரண்டிலும் கைபேசிக்கு நாலு ஆன்டெனா.

கோடு வரையும்போது திட்டங்களின் பெயர் தெரியும் மூலையில் மஞ்சள் ஒட்டுத்தாளை ஒட்டிவிடுவார். “எது நம்ம பிள்ளைன்னு தெரிஞ்சா ஓரவஞ்சனை வந்துடும்ல?” முடிவு வந்த பிறகுதான் பிரிப்பார். போன வாரம் பிரித்தபோது அவருடைய பிள்ளைதான் ஜெயித்திருந்தது.

இன்று வெளியூரில் கூட்டம். ஆய்வக இயக்குநர் அந்தக் கோட்டுப் படத்தைக் காட்டி ஒரு திட்டத்துக்கு ஒப்பந்தம் போடுவார். மற்றது மூடப்படும், ஆளோடு சேர்த்து.

பக்கத்து மேஜைக்காரர் அட்டைப்பெட்டியில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். “உங்க பிள்ளை ஓட்டப்பந்தயத்துல பறக்குது. எம்பிள்ளைக்குத்தான் கால் நொண்டி. இனிமே வீட்ல உக்காந்து வெங்காயம் உரிக்க வேண்டியதுதான்.”

“சும்மா இருங்க.” வதந்திக்குப் பதில் சொல்லவென்றே அக்கா தன் கணினி நிரலை வரிவரியாகப் படித்துக்கொண்டு வந்தார். பாதியில் கண் நின்றது. கைபேசியின் சக்தி ஒன்றுதான். நாலு ஆன்டெனாவும் அதைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பக்கத்து மேஜைக்காரர் ஒழுங்காக வகுத்திருந்தார். அக்காவின் நிரலிலோ ஒவ்வொரு ஆன்டெனாவும் முழுச் சக்தியையும் விழுங்கிக்கொண்டிருந்தது. பெயரை மறைத்தவர், வகுக்க மறந்திருந்தார்.

நாலால் வகுத்து மறுபடி ஓட்டினார். ஒட்டுத்தாள் ஒட்டவில்லை. அவருடைய கோடு மேலேயே தங்கிவிட்டது. மற்றது சறுக்கிக்கொண்டு இறங்கியது.

இயக்குநரின் எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினார்.

“என்னக்கா, முகம் இப்படி வெளுத்துப் போச்சு? யாருக்குப் போன்?”

அக்கா கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு எழுந்துபோய், பெட்டிக்குள் கைவிட்டு, மேஜைக்காரரின் காபிக் கோப்பையை எடுத்து, பழையபடி அவர் மேஜைமேல் வைத்தார். காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.