ஸமீமின் கைத்தையல்

யுத்த காலம். பட்டாளத்துக்கான காக்கிச் சட்டைகள் கொழும்பு கிராண்ட்பாஸில் ஸமீமின் வீட்டிலும் தைக்கப்பட்டன. ஸமீம் ஈரல் நோயில் இரண்டு வருஷமாகப் பாயோடு பாயாகக் கிடந்தான். மிஷினை மிதித்தவள் மனைவி ஹபீலா. அது கடை முதலாளிக்குத் தெரியாது. ஆம்பிளைக் கூலி ஸமீமின் பெயருக்கு ஒழுங்காக வந்தது.

ஸமீம் மௌத்தானதும் முதலாளி துக்கம் விசாரிக்க வந்தார். கண்ணைத் துடைத்த கையோடு, இனி ஹபீலா தைக்கும் சட்டைகளுக்குக் கூலியைப் பாதியாக்கினார்.

"பக்கத்து வீட்டுத் தையக்காரி பேர்ணடெற்றுக்கே இதவிடக் கூட குடுக்கிறீங்களே?" திரைக்குப் பின்னாலிருந்து ஹபீலா கேட்டாள்.

"அவ நாலு கடை ஏறி எறங்குவா. நீ வெளிய எறங்கவா போற? ஸமீம்ட கைத்தையல் வருமா புள்ள?"

"அவருக்குக் கை தூக்கவே ஏலாம ஈந்திச்சி. ரெண்டு வருஷமா தச்சதெல்லாம் நான்தான்."

"அப்ப ஒரு பொம்பளைக்கா ஆம்பிளைக் கூலி குடுத்தீக்கிறன்? கூடக் குடுத்தத இனிக் கழிக்கணுமே!"

உள்ளே பிள்ளைகள் சோற்றுக்கு அழுதன.

"இல்ல முதலாளி, பொய் சொல்லிட்டன். எல்லாம் அவர்தான் தச்ச."

முதலாளி பெரிய மனசு பண்ணி அவளை மன்னித்தார். புதுத் துணிக்கட்டைப் பாதிக் கூலிக்கு இறக்கி வைத்துவிட்டுப் போனார்.